மிக நுண்ணிய மின்கருவிகளில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது? டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது, அவர்களுடைய அப்பா அம்மா கேட்பது, சில தாத்தாக்கள் கேட்பது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். சமன்பாடுகளைத் தவிர்த்திருக்கிறேன், எண்களைத் தவிர்க்கவில்லை. எண் இல்லாமல் இந்த விஷயத்தைப் பேசினால் எல்லாம் மாயமாகத் தெரியும், ஒன்றும் புரியாது.

நானோ அளவு என்றால் எவ்வளவு சின்னது?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தின் பக்க அளவு 0.543 நானோமீட்டர். ஆக, 10 நானோமீட்டர் நீளத்தில் அப்படிப்பட்ட கட்டங்கள் இருபதுகூட அடங்காது.

ஆனால் சின்னது, பெரியது என்பதை அணுவை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மூன்று நீளங்களைப் பார்க்க வேண்டும். ஓர் எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே சராசரியாக எவ்வளவு தூரம் போகிறது என்பது முதலாவது. சாதாரண வெப்பநிலையில் செம்பில் இது ஏறத்தாழ 40 நானோமீட்டர். இதை மோதலிடைத் தூரம் என்றே சொல்லிக்கொண்டு போவோம். இரண்டாவது, எலக்ட்ரானின் அலைநீளம். செம்பில் இது அரை நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சில குறைகடத்திகளில் பல பத்து நானோமீட்டர். மூன்றாவது, ஒரு தடுப்பை எலக்ட்ரான் ஊடுருவிப் போகக்கூடிய தடிமன். இது ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். ஒரு கருவியின் அளவு இந்த மூன்றில் எதற்குக் கீழே இறங்குகிறதோ, அதற்கேற்ற புதுக் குணம் வெளியே வரும்.

அப்படியென்றால் பள்ளியில் கிரேடு 11-இல் படித்த ஓம் விதி தப்பா?

தப்பில்லை. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்ற அந்த விதி பெரிய பொருள்களுக்கு அப்படியே சரி. ஏன் சரி என்பதைத்தான் நானோ அளவு நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

1900-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பால் ட்ரூட் ஒரு படம் வரைந்து கொடுத்தார். எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள் எதன்மேலாவது மோதி மோதிப் போகின்றன, அதுதான் மின்தடை என்று. அந்தப் படத்தின்படி கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மின்தடையும் பாதியாகும். குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். உண்மையில் அப்படி வருவதில்லை. எந்தக் கடத்தியின் மின்தடையிலும் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று நீளத்தோடு கூடும், குறையும். மற்றொன்று நீளத்தைப் பற்றிக் கவலையே படாது. அது முனைகளில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டில் விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 10 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தால் வரும் மின்தடை சுமார் 0.11 ஓம். முனைகளால் வருவது ஓர் ஓமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் பங்கு இரண்டாவதைவிட ஏறத்தாழ 20 கோடி மடங்கு பெரியது. ஆகவே எந்த மீட்டரும் முனைப் பங்கைக் காட்டாது, நாமும் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்போது 10 நானோமீட்டருக்கு 10 நானோமீட்டர் குறுக்களவும் 40 நானோமீட்டர் நீளமும் உள்ள செம்புத் துண்டுக்கு வாருங்கள். பக்கச் சுவர்களில் நடக்கும் மோதலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நீளத்தால் வருவது சுமார் 7 ஓம், முனைகளால் வருவது சுமார் 9 ஓம். ஒளிந்திருந்த பங்கு முன்னால் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? விதி மாறவில்லை, இதுவரை கண்ணில் படாத ஓர் உறுப்பு படுகிறது.

மின்புலம் தள்ளுவதால்தானே எலக்ட்ரான் ஓடுகிறது?

எல்லோரும் அப்படித்தான் படித்து வருகிறோம். ஆனால் நானோ கருவிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். அமெரிக்காவில் பர்ட்யூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுப்ரியோ தத்தா பல ஆண்டுகளாக இந்த வழியில்தான் சொல்லிக்கொடுத்து வருகிறார்.

நடுவில் ஒரு சின்னக் கருவி, இடப்பக்கம் ஓர் உலோக முனை, வலப்பக்கம் இன்னொன்று. ஒவ்வொரு முனையிலும் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் அளவு வரை எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும். அந்த அளவுக்கு ஃபெர்மி மட்டம் என்று பெயர். பேட்டரியை இணைத்தால் இரண்டு மட்டங்களும் ஒன்றுக்கொன்று விலகும். ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவிலுள்ள கருவியில் இந்த இரண்டு மட்டங்களுக்கும் இடைப்பட்ட ஆற்றலில் ஓர் இடம் இருந்தால் என்ன ஆகும்? மேல் மட்டமுள்ள முனை அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். கீழ் மட்டமுள்ள முனை அதைக் காலியாக்கப் பார்க்கும். ஒன்று நிரப்ப, ஒன்று எடுக்க, இது நிற்கவே நிற்காது. நாம் மின்னோட்டம் என்பது இதைத்தான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மிகக் கீழே உள்ள ஆற்றல் இடங்கள் இரண்டு முனைகளின் கணக்கிலும் நிரம்பியவை. மிக மேலே உள்ளவை இரண்டின் கணக்கிலும் காலி. அங்கெல்லாம் இரு முனைகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை, நிகர ஓட்டமும் இல்லை. நடுவில் உள்ள அந்தச் சின்ன ஜன்னலுக்குள் வரும் எலக்ட்ரான்கள் மட்டுமே மின்னோட்டத்தில் சேர்த்தி. ஒரு பொருளில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பதைவிட அந்த ஜன்னலுக்குள் எத்தனை இடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மின்காப்புப் பொருளிலும் எலக்ட்ரான்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஜன்னலுக்குள் இடமில்லாததால் அது கடத்துவதில்லை.

வழியில் மோதலே இல்லாவிட்டால் மின்தடை பூஜ்யமாகிவிடும் அல்லவா?

ஆகாது. இந்த முழுப் பக்கத்திலும் மனதில் வைக்க வேண்டிய பதில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ரால்ஃப் லாண்டவர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு கருவி எவ்வளவு கடத்துகிறது என்பது, ஒரு முனையிலிருந்து புறப்பட்ட எலக்ட்ரான் மறுமுனையைச் சேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது என்றார். எலக்ட்ரான் ஓர் அலை. குறுகிய வழியில் அந்த அலை விரும்பியபடி போக முடியாது, குறிப்பிட்ட சில தடங்களில் மட்டுமே போகலாம். ஒரு தடம் முழுக்கத் திறந்திருந்தாலும், ஒரு மோதல்கூட இல்லாவிட்டாலும், அதன் மின்தடை சுமார் 12,906 ஓம். பிளாங்க் மாறிலியை (குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்) எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதில் பாதி எடுத்தால் இந்த எண் வரும். பொருள் எதுவாக இருந்தாலும் எண் மாறாது.

கிளேர்வுட், ஐசிபிங்கோ பக்கம் காவடிக்குப் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். மைதானம் நிறையக் கூட்டம், கோயில் வாசல் ஒன்றுதான். வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே வழி எவ்வளவு காலியாக இருந்தாலும், நெரிசல் வாசலில் இருக்கத்தான் செய்யும். முனையிலிருக்கும் கோடானுகோடித் தடங்கள் கருவியின் ஒன்றிரண்டு தடங்களுக்குள் நுழைய வேண்டியிருப்பதால் வரும் மின்தடை இது.

சோதனையில் இதைக் காண 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் டெல்ஃப்ட், பிலிப்ஸ் ஆய்வாளர்களும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் ஒரே ஆண்டில் தனித்தனியாகச் செய்துகாட்டினார்கள். மிகக் குளிர்ந்த ஒரு குறைகடத்தியில் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார்கள். கடத்துதிறன் வழுக்கிக்கொண்டு ஏறாமல் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியும் ஒரு தடம். கிளாஸ் வான் கிளிட்சிங் 1980-இல் கண்டுபிடித்து 1985-இல் நோபல் பரிசு பெற்ற குவாண்டம் ஹால் விளைவிலும் (கடுங்குளிரில், வலுவான காந்தப்புலத்தில் மின்தடை படிகளாக மாறுவது) இதே குடும்பத்து எண்தான் வருகிறது, 25,812.8 ஓம்.

மோதல் இல்லை, ஆனால் மின்தடை உண்டு. அப்போது வெப்பம் எங்கே உண்டாகிறது?

முனைகளில். எலக்ட்ரான் கருவியைத் தாண்டும்போது ஆற்றலை இழப்பதில்லை. மறுமுனையைச் சேர்ந்தபோது அங்குள்ள மட்டத்தைவிட அதிக ஆற்றலோடு இருக்கிறது, அந்த மிச்சத்தை அங்கேதான் கொட்டுகிறது. அது விட்டுவந்த காலி இடத்தை மேலே இருக்கும் எலக்ட்ரான் இறங்கி நிரப்பும்போது புறப்பட்ட முனையிலும் கொஞ்சம் வெப்பம் வரும். இதைப் புரிந்துகொண்டால் சிப் வடிவமைப்பவர்கள் இணைப்பு முனைகளுக்காக ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதும் புரியும்.

தென்னாப்பிரிக்கா என்றாலே தங்கம். தங்கத்துக்கு இதில் ஏதாவது இடம் உண்டா?

நல்ல இடமே உண்டு. ஒரே ஓர் அணு வழியாக மின்சாரம் பாய்வதைப் பார்க்கத் தங்கத்தைவிட வசதியான உலோகம் கிடையாது. அது துருப்பிடிக்காது, இழுத்தால் நீளும்.

சோதனை இதுதான். மெல்லிய இரண்டு தங்கக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போலச் சின்ன மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். மின்னோட்டத்தை ஆசிலோஸ்கோப்பில் (நேரத்தோடு அது மாறுவதைக் கோடாகக் காட்டும் கருவி) பார்த்துக்கொண்டே மேசையை மெல்லத் தட்டினால் போதும். கம்பிகள் பிரியும் அந்தக் கணத்தில் நடுவில் தங்கம் ஒரு கழுத்துப்போல மெலிகிறது. பத்து அணு, ஐந்து அணு, இரண்டு, ஒன்று. ஆசிலோஸ்கோப்பில் கோடு படிகளாக இறங்கும். கடைசிப் படியில் மின்தடை 12,906 ஓம் அளவில் நிற்கும், அதற்கு முந்தியது அதில் பாதி அளவில். அப்புறம் கழுத்து அறுந்துவிடும். எல்லாம் கண்ணிமைப்பதைவிடப் பல மடங்கு வேகமாக முடிந்துவிடும் என்பதால் கருவி அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அணுக்கள் அடுக்கும் விதம் வேறு, ஆகவே ஒரு கோட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. நூற்றுக்கணக்கான கோடுகளைச் சேர்த்து வைத்தால் அந்த ஒரு தட அளவில் உச்சம் எழுந்து நிற்கும். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே கம்பியை இழுத்து, தங்க அணுக்கள் வரிசையாக நிற்பதைப் படமெடுத்துக்கொண்டே மின்தடையையும் அளந்தார்கள். பெரிய செலவில்லாமல் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குவாண்டம் இயற்பியலைக் கண்ணால் காட்ட முடிகிறது. பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் யாரும் இதைத் தம் மாணவர்களுக்குக் காட்டாமல் விடக்கூடாது.

டனலிங் என்கிறார்களே, அது என்ன?

தாண்ட முடியாத தடுப்புக்கு அந்தப் பக்கமும் எலக்ட்ரான் அலை கொஞ்சம் கசிந்திருக்கும். தடுப்பு மெல்லியதாக இருந்தால் எலக்ட்ரான் அந்தப் பக்கம் தோன்றும் வாய்ப்பு உண்டு. தடிமன் 0.1 நானோமீட்டர் மாறினால் மின்னோட்டம் சுமார் பத்து மடங்கு மாறும். வெற்றிடத்தில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே அளந்த கணக்கு இது. 1981-இல் பின்னிக், ரோரர் இருவரும் அணுவைக் காட்டும் நுண்ணோக்கியை இதை வைத்தே செய்தார்கள். 1986-இல் நோபல் பரிசு.

சிப்புக்கு இது நல்லதும் செய்கிறது, கெட்டதும் செய்கிறது. டிரான்சிஸ்டர் ஒரு நுண்ணிய சுவிட்ச், அதைத் திறந்து மூடும் மின்முனைக்குக் கேட் என்று பெயர். அந்தக் கேட்டுக்கு அடியில் இருக்கும் சிலிக்கான் ஆக்சைடு 2000-களின் நடுவில் 1.2 நானோமீட்டருக்கு மெலிந்தது. சில அணு அடுக்குகள்தான். சும்மா இருக்கும்போதே மின்சாரம் கசிந்தது, பேட்டரி வீணானது. 2007-இல் இன்டெல் ஹாஃப்னியம் கலந்த, தடிமன் கூடிய காப்புப் படலத்துக்கு மாறி அதைச் சமாளித்தது. பென் டிரைவிலும் போனின் நினைவகத்திலும் இதே விளைவு வேலைக்காரன். கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை ஒரு காப்புப் படலத்தை ஊடுருவ வைத்து உள்ளே பூட்டிவிடுகிறார்கள். மின்னழுத்தத்தை எடுத்ததும் அவை அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். லோட் ஷெடிங்கில் எத்தனை மணி நேரம் கரண்ட் போனாலும் உங்கள் கல்யாணப் படங்கள் அழியாததற்குக் காரணம் அதுதான்.

எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்ப முடியுமா?

முடியும். மிகச் சின்ன ஓர் உலோகத் தீவுக்குள் ஓர் எலக்ட்ரான் நுழைந்தாலே அதன் மின்னூட்டம் அடுத்த எலக்ட்ரானை விரட்டும். அந்தத் தீவின் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தாங்கும் திறன்) ஓர் அட்டோஃபாரட் என்ற மிகச் சின்ன அளவு என்றால், மின்னூட்டமில்லாத தீவுக்குள் ஓர் எலக்ட்ரானை நுழைக்கவே 80 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அறை வெப்பம் தரும் சராசரித் தள்ளல் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். ஆகவே கதவு அடைத்தபடியே இருக்கும். பக்கத்து மின்முனை ஒன்றால் அந்தக் கதவைத் திறக்கலாம், ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரான் மட்டும் போகும். 1987-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபுல்டன், டோலன் இருவரும் இப்படிப்பட்ட டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். அவர்களுடைய தீவு பெரியது என்பதால் கடுங்குளிரில்தான் வேலை செய்தது.

கடையில் "3 நானோமீட்டர் சிப்" என்கிறார்கள். டிரான்சிஸ்டர் அவ்வளவு சின்னதா?

இல்லை. அது ஒரு தலைமுறையின் பெயர், அளவு அல்ல. அதில் ஒரு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் உள்ள இடைவெளியே 45 நானோமீட்டர் வாக்கில் இருக்கும்.

டிரான்சிஸ்டரை முழுக்க அணைக்க முடியாதா?

முடியாது, அதற்குக் காரணம் வெப்பம். முனையில் இருக்கும் எலக்ட்ரான்களில் சில எப்போதும் கூடுதல் ஆற்றலோடு இருக்கும், கேட் எழுப்பிய சுவரை ஏறிக் குதித்துவிடும். சுவரை உயர்த்த உயர்த்த அவை குறையும். ஆனால் சாதாரண டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காக்கக் குறைந்தது 60 மில்லிவோல்ட் தேவை. எவ்வளவு நல்ல தொழிற்சாலையாக இருந்தாலும் சாதாரண வெப்பநிலையில் இதற்குக் கீழே போக முடியாது. ஒரு லட்சம் மடங்கு குறைக்க 300 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. அளவு இவ்வளவு குறைந்தும் சிப்பின் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்குக் கீழே எளிதில் இறங்காமல் நிற்பதற்கு இது பெரிய காரணம்.

செம்புதான் நல்ல கடத்தி. பிறகு ஏன் ருதீனியம் பற்றிப் பேசுகிறார்கள்?

இந்தக் கேள்வி நம் நாட்டு மண்ணைத் தொடுகிறது. உலகில் கிடைக்கும் ருதீனியம் என்ற உலோகத்தில் மிகப் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறையடுக்கிலிருந்து, பிளாட்டினம் தோண்டும்போது கூடவே வருவது. ரஸ்டன்பர்க் பக்கத்துச் சுரங்கங்களைப் பற்றிச் செய்தியில் கேட்டிருப்பீர்கள்.

டிரான்சிஸ்டர்களை இணைக்கும் கம்பிகளுக்கு 1997-இல் ஐபிஎம் செம்பை அறிவித்தது, அதற்கு முன் அலுமினியம். பெரிய துண்டாக எடுத்தால் ருதீனியத்தின் மின்தடை செம்பைப்போல நான்கு மடங்கு, அப்போது யாரும் அதைத் தொட மாட்டார்கள். கம்பி மெலியும்போது கணக்கு மாறுகிறது. செம்பில் எலக்ட்ரான் மோதாமல் 40 நானோமீட்டர் போக விரும்புகிறது. கம்பியின் அகலமே 10 நானோமீட்டர் என்றால் அது போகிற வழியில் சுவரில் மோதும், படிகத் துகள்களின் எல்லைகளில் மோதும். செம்பின் பெருமையே அந்த நீண்ட ஓட்டம்தான், அதற்கு இங்கே இடமில்லை. ருதீனியத்தில் மோதலிடைத் தூரம் 7 நானோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுவர் நெருங்கி வந்தாலும் அதற்குப் பெரிய நஷ்டம் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சிப்புக்குள் ஓடும் மின்னோட்ட அடர்த்தி மிகப் பெரியது. வீட்டுக் கம்பியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் ஆம்பியர் என்றால், இங்கே பத்து லட்சம். அத்தனை எலக்ட்ரான் அடித்துக்கொண்டு போகும்போது உலோக அணுக்களையே மெல்லத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஓர் இடத்தில் பள்ளம் விழும், இன்னோர் இடத்தில் மேடு எழும், கடைசியில் கம்பி அறும். செம்பு 1,085 டிகிரியில் உருகும், ருதீனியம் 2,300 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அதன் அணுக்கள் அவ்வளவு சுலபமாக இடம் பெயராது. செம்பு பக்கத்துப் பொருளுக்குள் ஊறிவிடாமல் இருக்கச் சுற்றிலும் ஓர் உறை போட வேண்டும், மெல்லிய கம்பியில் அந்த உறையே பாதி இடத்தைத் தின்றுவிடும். ருதீனியத்துக்கு அந்த உறையை மிக மெலிதாக்கலாம், சில இடங்களில் இல்லாமலே விடலாம். கோபால்ட்டும் மாலிப்டினமும் இதே போட்டியில் இருக்கின்றன.

ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலத்தில் கதவைத் தொட்டால் சுரீர் என்கிறது. அது சிப்பைக் கெடுக்குமா?

கெடுக்கும். டர்பனின் ஈரக்காற்றில் இது அவ்வளவாகத் தெரியாது, ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வறண்ட குளிரில் நன்றாகத் தெரியும். நமக்குச் சுரீர் என்று உறைக்க வேண்டுமென்றால் உடலில் மூவாயிரம் வோல்ட் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். சிலிக்கான் ஆக்சைடு ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு வோல்ட் வாக்கில்தான் தாங்கும். சிப்பின் ஒவ்வொரு காலுக்கும் பாதுகாப்புச் சுற்று வைத்திருப்பார்கள் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். நமக்கு உறைக்காத சில நூறு வோல்ட்டே சில பாகங்களைக் கெடுத்துவிடும். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன், எர்த் இணைத்த ஓர் உலோகத்தைத் தொடுங்கள். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

கார்பன் நானோக்குழாய், கிராஃபீன் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நானோக்குழாய் என்பது கார்பன் அணுக்களால் ஆன மிக மெல்லிய குழாய், கிராஃபீன் ஓர் அணுத் தடிமனுள்ள கார்பன் தாள். நானோக்குழாய்களை 1991-இல் சுமியோ இஜிமா விவரித்தார். கிராஃபீனை 2004-இல் கைமும் நோவோசெலோவும் பிரித்தெடுத்தார்கள், 2010-இல் நோபல் பரிசு. நல்ல குழாயில் எலக்ட்ரான் ஆயிரம் நானோமீட்டர் வாக்கில்கூட மோதாமல் போகும். ஆனால் உலோகத் தன்மையுள்ள ஒரு குழாயில் இரண்டு தடங்கள்தான், ஆகவே எவ்வளவு குட்டையாக வெட்டினாலும் 6,450 ஓமுக்குக் கீழே போகாது. முனைப் பங்கு மறுபடியும் வந்து நிற்கிறது. குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாக அடுக்கினால்தான் பயன். கிராஃபீனுக்கு வேறு சிக்கல், அதை அணைப்பது கடினம். இரண்டும் நல்ல பொருள்கள், ஆனால் சிலிக்கானை ஒரே நாளில் தூக்கிப்போடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் மகள் இதைப் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கே சேர்க்கலாம்?

டர்பனிலேயே குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் இருக்கிறது. இயற்பியல் வெஸ்ட்வில் வளாகத்தில், எலக்ட்ரானிக் எஞ்சினியரிங் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில். ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் நானோ அளவு மின்கடத்தலுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அணுக்களைப் படமெடுக்க ஆசை என்றால் கெபெர்ஹாவில் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் 2011-இல் திறந்த உயர்திறன் எலக்ட்ரான் நுண்ணோக்கி மையத்தைப் பாருங்கள்.

மெட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வு) கணிதமும் பிசிக்கல் சயின்ஸும் கட்டாயம் வேண்டும், அதற்குப் பதிலாக மேத்தமெட்டிக்கல் லிட்டரசி என்ற அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுத்தால் இந்தக் கதவு திறக்காது. இதை கிரேடு 9 முடியும்போதே, பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். கல்லூரிக்குப் போனபின் குவாண்டம் இயங்கியலோடு அணிக் கணக்கையும் (மேட்ரிக்ஸ்) நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் கம்ப்யூட்டரில் போடும் கணக்குகளில் பெரும்பாலானவை கடைசியில் அணிக் கணக்காகத்தான் வந்து நிற்கும்.